வாராவாரம் இன்டெக்ஸ் ரீபில்ட்: தொடரலாமா, குறைக்கலாமா, நிறுத்தலாமா?

ஞாயிறு நள்ளிரவு ஒரு ஜாப் ஓடுகிறது. டேட்டாபேஸில் உள்ள இன்டெக்ஸ் (டேபிளில் வரிகளை விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) அத்தனையையும் இடித்துவிட்டு மறுபடி கட்டுகிறது. இதுதான் ரீபில்ட். எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். முன்பு அரை மணியில் முடிந்தது, டேபிள்கள் பெருத்துவிட்டதால் இப்போது திங்கள் காலை வரை இழுக்கிறது. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்று பயம், விட்டால் காலையில் பயனர்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

இந்த இடத்தில் நிற்பவர்களுக்கு வழிகள் நான்கு. புள்ளிவிவரத்தை மட்டும் புதுப்பித்துவிட்டு இன்டெக்ஸைத் தொடாமல் விடுவது, ரீஆர்கனைஸ் செய்வது (இருக்கும் இடத்திலேயே ஒழுங்குபடுத்துவது), ஆஃப்லைனில் (மற்றவர்களைத் தடுத்துவிட்டு) ரீபில்ட் செய்வது, ஆன்லைனில் (மற்றவர்கள் பயன்படுத்தும்போதே) ரீபில்ட் செய்வது. இந்தக் கேள்வி அதிகம் எழுவது மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வரில் என்பதால் அதை வைத்தே ஒப்பிடுவோம். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், ஆரக்கிள் எங்கே வேறுபடுகின்றன என்பது பின்னால் வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில், கெட்டிருப்பது எது? ‘இன்டெக்ஸ் கெட்டுவிட்டது’ என்ற ஒரே பேச்சுக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன.

வரிசைச் சிதறல். இன்டெக்ஸின் அடுத்தடுத்த பக்கங்கள் (டேட்டாவைச் சேமிக்கும் 8 கேபி அலகுகள்) ஃபைலில் அடுத்தடுத்து இல்லாமல் சிதறிக் கிடப்பது. ஃபிராக்மென்டேஷன் சதவீதம் என்று ரிப்போர்ட்டில் சிவப்பாக வருவது இதுதான். நான்கில் பெரும்பாலும் இதுவே குறைந்த பாதிப்பு. ஒரு வரியைத் தேடி எடுக்கும் குவரிக்கு (டேட்டாவைக் கேட்கும் கட்டளைக்கு) இதனால் எந்த நட்டமும் இல்லை. பக்கங்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்தாலும் நட்டமில்லை. லட்சக்கணக்கான பக்கங்களை டிஸ்கிலிருந்து வரிசையாக வாசிக்கும் ஸ்கேனுக்கு மட்டுமே வலிக்கும். எஸ்எஸ்டியில் அந்த வலியும் பெரிதாகக் குறைந்துவிட்டது.

பக்க நிரப்பு. 8 கேபி பக்கத்தில் பாதி காலியாக இருந்தால் அந்தக் காலியிடமும் நினைவகத்தில் ஏறி உட்கார்கிறது, பேக்கப்பிலும் போகிறது. 100 ஜிபி இன்டெக்ஸ் 60 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது என்றால் உள்ளே இருப்பது 60 ஜிபி சரக்கு. கவனிக்க வேண்டிய எண் இது. ஆனால் இன்டெக்ஸ் பிசிக்கல் ஸ்டாட்ஸ் என்ற டிஎம்வியை (சர்வரின் உள்நிலையைக் காட்டும் பட்டியலை) வழக்கமான ‘லிமிடெட்’ முறையில் ஓட்டினால் இந்த எண் வராது. ‘சாம்பிள்டு’ முறையிலாவது ஓட்ட வேண்டும். பலர் ஃபிராக்மென்டேஷனை மட்டும் பார்த்து முடிவெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய புள்ளிவிவரம். எந்த மதிப்பு எத்தனை வரியில் இருக்கிறது என்ற கணக்கு பழசாகிவிட்டால் ஆப்டிமைசர் (குவரியை ஓட்ட வழி தேர்ந்தெடுக்கும் பகுதி) தவறான வழியைப் பிடிக்கும். இதற்கும் இன்டெக்ஸின் உடல்நிலைக்கும் சம்பந்தமே இல்லை.

உண்மையான பழுது. இன்டெக்ஸில் இருப்பதும் டேபிளில் இருப்பதும் ஒத்துப்போகாத நிலை. அரிதுதான், ஆனால் வந்துவிட்டால் மறுகட்டுமானம் கட்டாயம்.

கோளாறு தெரிந்தபின் பார்க்க வேண்டியவை செலவுகள். யார் யாரைத் தடுத்து நிறுத்துவார்கள், டிரான்ஸாக்ஷன் லாக்கில் (மாற்றங்கள் பதிவாகும் ஃபைலில்) எவ்வளவு எழுதும், கூடுதலாக எவ்வளவு இடம் பிடிக்கும், பாதியில் நிறுத்தினால் செய்த வேலை மிஞ்சுமா, கையில் இருக்கும் எடிஷன் (ஸ்டாண்டர்டு, என்டர்பிரைஸ் என்ற லைசன்ஸ் வகை) இடம் கொடுக்கிறதா. (தமிழில் எழுதும்போது lock, log இரண்டும் ‘லாக்’ ஆகிவிடுகின்றன. இங்கே தடுப்பது ‘பூட்டு’, பதிவாவது ‘லாக்’.)

## ஒரு பார்வையில்

| | புள்ளிவிவரம் மட்டும் | ரீஆர்கனைஸ் | ஆஃப்லைன் ரீபில்ட் | ஆன்லைன் ரீபில்ட் |
|---|---|---|---|---|
| சரியாவது | தவறான எக்ஸிகியூஷன் பிளான் (குவரி ஓடும் வழி) | இலை மட்டத்தின் (இன்டெக்ஸ் மரத்தின் கடைசி அடுக்கின்) சிதறல், ஓரளவு பக்க நிரப்பு | சிதறல், நிரப்பு, சிலவேளை பழுதும் | சிதறல், நிரப்பு |
| பூட்டு | தொந்தரவில்லை | குறுகிய பூட்டுகள் | முடியும்வரை பெரும் பூட்டு | தொடக்கத்திலும் முடிவிலும் சிறிது நேரம் |
| கூடுதல் இடம் | கிட்டத்தட்ட இல்லை | கிட்டத்தட்ட இல்லை | இன்டெக்ஸ் அளவில் சுமார் 1.2 மடங்கு | அதே அளவு, கொஞ்சம் கூடுதலும் ஆகலாம் |
| பாதியில் நிறுத்தினால் | முடிந்தவரை மிச்சம் | முடிந்தவரை மிச்சம் | அத்தனையும் வீண் | வீண். ரீசூமபிள் என்றால் தொடரலாம் |
| புள்ளிவிவரம் புதுப்படுமா | ஆம் | இல்லை | ஆம், முழு ஸ்கேனுடன் | ஆம், முழு ஸ்கேனுடன் |
| எடிஷன் | எதுவும் | எதுவும் | எதுவும் | என்டர்பிரைஸ், அஷூர் (மைக்ரோசாஃப்டின் கிளவுட்) |

பார்ட்டிஷன்களாக (துண்டுகளாக) பிரித்த இன்டெக்ஸுக்குக் கடைசிக்கு முந்தைய வரிசை பொருந்தாது. 2012 பதிப்பு முதல் அவற்றுக்கு முழு ஸ்கேன் இல்லை, சாம்பிள்தான்.

## புள்ளிவிவரம் மட்டும்

முதலில் முயல வேண்டியது இது. ‘ரீபில்ட் செய்ததும் குவரி பறக்கிறது’ என்பது உண்மையாகவே நடக்கும், ஆனால் காரணம் பெரும்பாலும் வேறு. ரீபில்ட் முழு டேபிளையும் வாசிக்கும்போது, போகிற போக்கில் அந்த இன்டெக்ஸின் புள்ளிவிவரத்தையும் புதுப்பித்துவிடுகிறது. அதனால் பழைய பிளான் தூக்கி எறியப்பட்டுப் புதியது பிறக்கிறது. வேகம் அங்கிருந்து வருகிறது, பெயர் ரீபில்டுக்குப் போகிறது.

சோதிப்பது எளிது. அடுத்த முறை குவரி மந்தமாகும்போது அந்த ஒரு டேபிளுக்கு மட்டும் முழு ஸ்கேனுடன் அப்டேட் ஸ்டாடிஸ்டிக்ஸ் ஓட்டுங்கள். வேகம் திரும்பிவிட்டால் மணிக்கணக்கில் ஓடும் ரீபில்ட் தேவைப்பட்டதே இல்லை.

தானாகவே புதுப்பித்துக்கொள்ளாதா என்றால், கொள்ளும். எப்போது என்பதுதான் விஷயம். பழைய கணக்கில் டேபிளின் 20 சதவீதமும் 500 வரியும் மாறியிருக்க வேண்டும். 1 கோடி வரி டேபிளுக்கு அது 20 லட்சத்து 500 மாற்றம். 2016 பதிப்பின் கம்பாட்டிபிலிட்டி லெவல் (டேட்டாபேஸ் எந்தப் பதிப்பைப் போல நடக்க வேண்டும் என்ற அமைப்பு) 130 முதல், வரி எண்ணிக்கையை 1000-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுக்கிறார்கள். அதே டேபிளுக்கு 1 லட்சம் மாற்றம் போதும். சர்வரை மேம்படுத்திவிட்டு டேட்டாபேஸைப் பழைய லெவலிலேயே விட்டு வைத்திருந்தால் இந்த மாற்றத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. முழு ஸ்கேன் என்றால் பெரிய டேபிளை முழுக்க வாசிக்கும் டிஸ்க் வேலை உண்டு. அடுத்து, இரவில் முழு ஸ்கேன் ஓட்டினாலும், பகலில் தானாக ஓடும் புதுப்பிப்பு தன் வழக்கமான சிறு சாம்பிளால் அதை மேலெழுதிவிடும். சாம்பிள் சதவீதத்தை நிலைநிறுத்தும் ‘பெர்சிஸ்ட் சாம்பிள் பெர்சென்ட்’ அதைத் தடுக்கத்தான்.

## ரீஆர்கனைஸ்

இருக்கும் பக்கங்களை இருக்கும் இடத்திலேயே வரிசைப்படுத்தி, காலியாகக் கிடப்பதை நெருக்கி அடுக்கும் வேலை. எந்த எடிஷனிலும் ஓடும், எப்போதும் ஆன்லைன்தான். ஒரே திரெட்டில் (ஒரே வேலைத்தடத்தில்) மெதுவாக நகரும். சின்னச் சின்ன டிரான்ஸாக்ஷன்களாகப் போவதால் இடையிடையே லாக் பேக்கப் எடுத்து லாக் இடத்தை மறுபடி பயன்படுத்தலாம். காலை 5 மணிக்கு நிறுத்த வேண்டும் என்றால் கூசாமல் நிறுத்தலாம், அதுவரை செய்தது மிஞ்சும்.

இலை மட்டத்தை மட்டுமே தொடும், புள்ளிவிவரத்தைத் தொடாது என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது. ரீபில்டிலிருந்து ரீஆர்கனைஸுக்கு மாறியவர்கள் இரண்டு வாரத்தில் ‘எல்லாம் மந்தம்’ என்று புலம்பினால், தனியாகப் புள்ளிவிவர ஜாப் வைக்க மறந்திருப்பார்கள்.

மிக மோசமாகச் சிதறிய இன்டெக்ஸில் பக்கங்களை இடம் மாற்றும் ஒவ்வொரு அசைவும் லாக்கில் ஏறும். மொத்தத்தில் ரீபில்டைவிட அதிகமாகவே எழுதிவிடலாம். ‘மென்மையானது, ஆகவே செலவில்லை’ என்று எண்ண வேண்டாம். பக்கப் பூட்டை அணைத்து வைத்திருக்கும் இன்டெக்ஸில் இது ஓடவே ஓடாது, பிழை காட்டி நிற்கும். ஏற்கெனவே நிரம்பி வழியும் பக்கங்களைப் பிரித்து இடம் விட்டுத் தரவும் இதனால் முடியாது. காலம்ஸ்டோர் இன்டெக்ஸ் (டேட்டாவை நெடுவரிசை வாரியாகச் சேமிப்பது) என்றால் கதை வேறு: அங்கே அழித்த வரிகளை நீக்கி வரித்தொகுதிகளை ஒன்றுசேர்க்க ரீஆர்கனைஸ்தான் முதல் தேர்வு.

## ஆஃப்லைன் ரீபில்ட்

பக்கத்திலேயே புதிய இன்டெக்ஸைக் கட்டி முடித்துப் பழையதை வீசுவது. என்டர்பிரைஸ் எடிஷனில் பல திரெட்டில் ஓடும், நான்கில் இதுவே வேகமான கட்டுமானம். கிளஸ்டர்டு இன்டெக்ஸ் (டேபிளின் வரிகளே இதற்குள் இருக்கும்) என்றால் முடியும்வரை டேபிளைப் படிக்கவும் முடியாது, எழுதவும் முடியாது. நான்கிளஸ்டர்டு (டேபிளுக்கு வெளியே தனியாக இருக்கும் இன்டெக்ஸ்) என்றாலும் குறைந்தபட்சம் எழுத்து நின்றுவிடும்.

செலவை ஓர் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்க்கலாம். மேலே சொன்ன 100 ஜிபி இன்டெக்ஸ், நிரப்பு 60 சதவீதம். ரீபில்ட் முடிந்தால், பக்கங்கள் ஓரம்வரை நிரம்பாததால், அது சுமார் 63 ஜிபி ஆகும். ஆனால் முடியும்வரை பழைய 100 ஜிபியும் அங்கேயே இருக்கும், புதிய 63 அதன் பக்கத்தில் வளரும், வரிசைப்படுத்த மேலும் கொஞ்சம் இடம் போகும். வரிசைப்படுத்தும் வேலையை டெம்ப்டிபி என்ற தற்காலிக டேட்டாபேஸுக்குத் தள்ளலாம், அங்கே இடம் இருந்தால். ஃபுல் ரெகவரி மாடலில் (எல்லா மாற்றமும் லாக்கில் முழுதாகப் பதிவாகும் அமைப்பில்) அந்த 63 ஜிபியும் லாக்கில் ஏறும். ஒரே டிரான்ஸாக்ஷன் என்பதால் முடியும்வரை அந்த லாக் இடம் விடுபடாது. அவைலபிலிட்டி குரூப் (டேட்டாபேஸின் பிரதியை வேறு சர்வரில் வைக்கும் ஏற்பாடு) இருந்தால் அத்தனையும் நெட்வொர்க்கில் செகண்டரிக்கு, அதாவது அந்தப் பிரதிக்கு, போக வேண்டும். 100 மெகாபிட் இணைப்பு முழுக்க உங்களுடையது என்றாலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பகலில் செகண்டரியில் ரிப்போர்ட் பார்ப்பவர் பழைய டேட்டாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பேக்கப்பிலும் அடி விழும். சனிக்கிழமை ஃபுல், மற்ற நாள் டிஃபரென்ஷியல் (கடைசி ஃபுல்லுக்குப் பின் மாறியவை மட்டும்) என்று வைத்திருப்பவர் ஞாயிறு ரீபில்ட் செய்தால், மாறிய எக்ஸ்டென்ட்கள் (எட்டுப் பக்கத் தொகுதிகள்) எல்லாம் வாரம் முழுதும் ஒவ்வொரு டிஃபரென்ஷியலிலும் ஏறிக்கொண்டே இருக்கும். ரீபில்ட் செய்தே தீர வேண்டும் என்றால் ஃபுல் பேக்கப்புக்கு முன்னால் செய்யுங்கள்.

இன்னொரு பொறி: ரீபில்ட் முடிந்ததும் ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று சாம்பிள் முறையில் எல்லாப் புள்ளிவிவரத்தையும் புதுப்பிப்பது. முழு ஸ்கேனில் கிடைத்த நல்ல கணக்கை அரைகுறைக் கணக்கு மேலெழுதிவிடும். ரீபில்டுக்குப் பிறகு, இன்டெக்ஸ் சாராத நெடுவரிசைப் புள்ளிவிவரங்களை மட்டும் புதுப்பித்தால் போதும். அவற்றை ரீபில்ட் தொடுவதில்லை.

இந்த வழி தவிர்க்க முடியாத இடம் பழுது. நான்கிளஸ்டர்டு இன்டெக்ஸ் டேபிளோடு ஒத்துப்போகவில்லை என்றால் ஆன்லைன் ரீபில்ட் உதவாது. அது பழைய இன்டெக்ஸையே மூலமாக வாசித்துப் புதியதைக் கட்டும். பழுதும் கூடவே வந்துவிடும். ஆஃப்லைனில் கட்டினால் சரியாகலாம், உறுதி வேண்டும் என்றால் இன்டெக்ஸை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்க வேண்டும். இடம் நெருக்கடி என்றால் நான்கிளஸ்டர்டு இன்டெக்ஸை முதலில் டிஸேபிள் செய்துவிட்டுக் கட்டலாம். பழைய பிரதிக்கான இடம் முதலிலேயே விடுபடும். அதுவரை அந்த இன்டெக்ஸ் எந்தக் குவரிக்கும் கிடைக்காது என்பதை ஏற்க வேண்டும்.

## ஆன்லைன் ரீபில்ட்

என்டர்பிரைஸ் எடிஷனுக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கிடைக்கும் வசதிகளில் ஒன்று. கட்டும் நேரம் முழுக்க மற்றவர்கள் படிக்கலாம், எழுதலாம். ஆஃப்லைனைவிட நேரம் அதிகம், எழுதுபவர்களின் மாற்றம் புதிய பிரதிக்கும் போக வேண்டியிருப்பதால் சுமையும் அதிகம்.

ஆன்லைன் என்ற பெயரை நம்பிப் பகலில் ஓட்டுபவர்கள் மாட்டுவது கடைசி நொடியில். புதியதைப் பழையதன் இடத்தில் வைக்க மற்ற எல்லோரையும் தடுக்கும் ஸ்கீமா மாடிஃபிகேஷன் பூட்டு தேவை. அந்நேரம் யாரோ ஒருவரின் நீண்ட செலக்ட் ஓடிக்கொண்டிருந்தால் ரீபில்ட் அதற்காகக் காத்து நிற்கும். ரீபில்டுக்குப் பின்னால் வரும் எல்லாக் குவரியும் அதன் முதுகுக்குப் பின்னே வரிசையில் நிற்கும். ஒரு நொடி வேலை பத்து நிமிட முடக்கமாகிவிடும். 2014 பதிப்பில் வந்த ‘வெயிட் அட் லோ பிரையாரிட்டி’யைச் சேர்த்து, அதிகபட்சம் எத்தனை நிமிடம் காத்திருப்பது, பிறகு தானே விலகுவதா, தடுப்பவரை வெளியேற்றுவதா என்று எழுதிவிடுங்கள். வழக்கமான பராமரிப்பு ஜாபில் ‘தானே விலகுவது’தான் பாதுகாப்பு.

2017 முதல் ரீசூமபிள் உண்டு. இடையில் நிறுத்தி மறுநாள் இரவு தொடரலாம், லாக்கும் தேங்காது. ஆனால் நிறுத்தி வைத்த பாதிக் கட்டடம் இடத்தைப் பிடித்துக்கொண்டு, எழுத்துகளின் மீது சுமையாகவும் இருக்கும். நிறுத்திவிட்டு மறந்துவிடாதீர்கள்.

## ஞாயிறு கட்டி சனிக்கிழமை கலையும் இன்டெக்ஸ்

வாராவாரம் ரீபில்ட் செய்தும் வாராவாரம் சிவப்பு என்றால் ரீபில்டே காரணமாக இருக்கலாம். கீ (இன்டெக்ஸை வரிசைப்படுத்தும் மதிப்பு) தாறுமாறாக வரும் ஒரு யூயூஐடி (தற்செயலாக உருவாகும் அடையாள எண்) என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு எல்லாப் பக்கத்தையும் 100 சதவீதம் நிரப்பிவிட்டீர்கள். திங்கள் காலை எந்தப் பக்கத்தில் வரி நுழைந்தாலும் இடமில்லை, பக்கம் இரண்டாகப் பிளக்கிறது. பிளவு ஒவ்வொன்றும் லாக்கில் ஏறுகிறது, எழுத்து மந்தமாகிறது. தாறுமாறான கீ உள்ள பி-ட்ரீ (இன்டெக்ஸின் மர அமைப்பு), விட்டுவிட்டால் சுமார் 69 சதவீத நிரப்பில் தானே நிலைகொள்ளும். சனிக்கிழமை அந்த நிலைக்கு அருகே வருகிறது, ரிப்போர்ட் சிவப்பாகிறது, ஜாப் மறுபடி இடிக்கிறது. தனக்கு வேண்டிய வேலையைத் தானே உண்டாக்கிக்கொள்கிற ஜாப்.

இங்கே ஃபில் ஃபேக்டரை (கட்டும்போது பக்கத்தை எத்தனை சதவீதம் நிரப்புவது என்ற அளவை) 80 அல்லது 85 என்று வைத்து ரீபில்ட் செய்தால் பிளவு தள்ளிப்போகும், இடைவெளியை மாதக்கணக்கில் நீட்டலாம். ஆனால் சர்வர் முழுதுக்கும் ஃபில் ஃபேக்டர் 70 என்று வைப்பது வீண் செலவு. ஏறுவரிசையில் வளரும் கீ உள்ள இன்டெக்ஸ் கடைசியில் மட்டுமே வளரும். நடுவில் விட்ட 30 சதவீத இடத்தில், வரிகள் பின்னால் நீளாதவரை, எதுவும் வந்து உட்காராது. 70 ஜிபிக்கு முடிய வேண்டியது 100 ஜிபியாக நினைவகத்தைத் தின்னும்.

## 5, 30 என்ற எண்கள்

ஃபிராக்மென்டேஷன் 5 சதவீதத்துக்கு மேல் என்றால் ரீஆர்கனைஸ், 30-க்கு மேல் என்றால் ரீபில்ட் என்பது எல்லோர் ஸ்கிரிப்டிலும் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஆவணத்துக்கு அந்த எண்களைத் தந்த பால் ரேண்டலே, ஏதாவது ஒரு தொடக்கப் புள்ளி வேண்டும் என்பதற்காகத் தந்தவை அவை என்று பின்னர் விளக்கியிருக்கிறார். விதியாக எடுக்க வேண்டாம். 1000 பக்கத்துக்குக் குறைவான இன்டெக்ஸை, அதாவது 8 எம்பிக்குக் குறைவானதை, எந்தச் சதவீதமானாலும் விட்டுவிடலாம்.

ஓலா ஹாலென்கிரனின் இன்டெக்ஸ் ஆப்டிமைஸ் என்ற பராமரிப்பு ஸ்கிரிப்டைப் பயன்படுத்துபவர்கள் இரண்டு டிஃபால்ட்டுகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளிவிவரம் புதுப்பிப்பது டிஃபால்ட்டாக அணைந்திருக்கும். 30-க்கு மேல் போன இன்டெக்ஸுக்கு ஆன்லைன் முடியாவிட்டால் அது ஆஃப்லைனில் இறங்கிவிடும். ஸ்டாண்டர்டு எடிஷனில் ஆன்லைன் இல்லை, ஆகவே எப்போதும் பெரும் பூட்டுதான்.

## மற்ற டேட்டாபேஸ்களில்

போஸ்ட்கிரெஸ். இங்கே கோளாறின் பெயர் புளோட், அதாவது காலியிடத்தால் வீங்குவது. வேக்யூம் (செத்த வரிகளைத் துடைக்கும் வேலை) முழுக்கக் காலியான இன்டெக்ஸ் பக்கங்களைத்தான் மறுபயனுக்கு விடும். ஒன்றிரண்டு வரி மிஞ்சிய பக்கங்களை ஒன்றுசேர்க்காது. அதனால் மறுகட்டுமானத்துக்கு இங்கே நியாயம் சற்று அதிகம். பதிப்பு 13-இன் டீடூப்ளிகேஷனும் (ஒரே மதிப்பைத் திரும்பத் திரும்பச் சேமிக்காதது) 14-இன் பாட்டம்-அப் டெலீஷனும் (பக்கம் பிளக்கும் முன் செத்த பதிவுகளை நீக்குவது) அந்தத் தேவையைக் குறைத்துவிட்டன. பிஜி-அப்கிரேட் என்ற மேம்பாட்டுக் கருவி வழியாக 13-க்கு முந்தைய பதிப்பிலிருந்து வந்த இன்டெக்ஸ், ஒருமுறை ரீஇன்டெக்ஸ் (இங்கே ரீபில்டின் பெயர்) செய்தால்தான் டீடூப்ளிகேஷன் பலனைப் பெறும்.

சாதாரண ரீஇன்டெக்ஸ் எழுத்தைத் தடுக்கும். அந்த இன்டெக்ஸ் மீதே முழுப் பூட்டுப் போடுவதால் படிப்பவர்களும் மாட்டலாம். பதிப்பு 12 முதல் உள்ள ரீஇன்டெக்ஸ் கன்கரன்ட்லி இங்கே ஆன்லைன் வழி, தனி லைசன்ஸ் வேண்டாம். தொடங்குமுன் பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டியில் (ஓடும் செஷன்களின் பட்டியலில்) நெடுநேரமாகத் திறந்து கிடக்கும் டிரான்ஸாக்ஷன் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முடியும்வரை கட்டளை நகராது. மெயின்டனன்ஸ் வொர்க் மெம் (இத்தகைய வேலைக்கான நினைவக வரம்பு) டிஃபால்ட் 64 எம்பிதான். அந்த செஷனுக்கு மட்டும் உயர்த்துங்கள். தோற்றுப்போனால் ‘சிசிநியூ’ என்று முடியும் செல்லாத இன்டெக்ஸ் எஞ்சிவிடும். குவரிக்கு உதவாது, ஆனால் எழுத்தின் சுமையைக் கூட்டும். நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ‘சிசிஓல்டு’ என்று முடிந்தால் புதியது சரியாகிவிட்டது, பழையதை மட்டும் நீக்கினால் போதும். 14.0 முதல் 14.3 வரை கன்கரன்ட்லி இன்டெக்ஸைப் பழுதாக்கும் பிழை இருந்தது, 14.4-இல் சரிசெய்தார்கள். ரீஇன்டெக்ஸ் ஆப்டிமைசரின் புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்காது, அதற்கு அனலைஸ் கட்டளை.

கட்டாயமான இடம் ஒன்று உண்டு: ஆபரேட்டிங் சிஸ்டம் மேம்பாட்டில் ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நூலகம், glibc) 2.28-ஐத் தாண்டிவிட்டால் எழுத்துகளின் வரிசை முறை மாறியிருக்கும். டெக்ஸ்ட் நெடுவரிசை மீதுள்ள இன்டெக்ஸ்கள் சத்தமில்லாமல் தவறான விடை தரும். ஆம்செக் எக்ஸ்டென்ஷனால் சோதித்து, ரீஇன்டெக்ஸ் செய்யுங்கள்.

மைஎஸ்க்யூஎல். இன்னோடிபியில் (அதன் வழக்கமான சேமிப்பு எஞ்சினில்) ஆப்டிமைஸ் டேபிள் என்பது டேபிள் முழுதையும் மறுபடி கட்டி அனலைஸும் செய்வது. பகலில் எழுத்து அதிகமான டேபிளில் ஓட்டினால், இடைப்பட்ட மாற்றங்களைச் சேர்த்து வைக்கும் லாக் அதன் 128 எம்பி டிஃபால்ட் எல்லையைத் தாண்டி, பல மணி நேர வேலை பிழையில் முடியும். ரெப்ளிகாவில் (பிரதி சர்வரில்) வலி இரட்டிப்பு: பிரைமரியில் 2 மணி நேரம் ஓடி முடிந்த பிறகுதான் அங்கே தொடங்கும், ரெப்ளிகா அத்தனை நேரம் பின்தங்கும். பெருமளவு டேட்டாவை நிரந்தரமாக அழித்த டேபிளுக்கு மட்டும் செய்யுங்கள். மீண்டும் நிரம்பப் போகும் இடத்தைக் காலி செய்வது வீண் வேலை.

ஆரக்கிள். ரீஆர்கனைஸுக்கு இணையானது கோஅலெஸ். வரிசையாக நுழைந்து, பழையவை அழிந்து, பக்கத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் எஞ்சும் கியூ மாதிரி டேபிளுக்கு அது போதும். டேபிளை சாதாரண முறையில் மூவ் செய்தால் இன்டெக்ஸ்கள் பயனற்றதாகக் குறியிடப்படும். அங்கே ரீபில்ட் கட்டாயம். அளப்பதற்காக அனலைஸ் இன்டெக்ஸ் வேலிடேட் ஸ்ட்ரக்சரைப் பகலில் ஓட்ட வேண்டாம், டேபிளில் எழுத்தை அது தடுத்துவிடும்.

## ஜாபை நிறுத்திப் பார்ப்பது

எஸ்க்யூஎல் சர்வரில், ஸ்டாண்டர்டு எடிஷன், 24 மணி நேரப் பயன்பாடு என்றால் புள்ளிவிவரம் தினமும், நிரப்பு குறைந்த சில இன்டெக்ஸுக்கு மட்டும் ரீஆர்கனைஸ். என்டர்பிரைஸ் இருந்து செகண்டரியும் இருந்தால் அதோடு, நிரப்பு 70-க்குக் கீழே போன பெரிய இன்டெக்ஸுக்கு மாதம் ஒருமுறை ஆன்லைன் ரீபில்ட். ஒரு டேபிளில் பாதியை ஆர்க்கைவுக்கு நகர்த்திய பிறகு, அதற்கு மட்டும் ஒருமுறை ரீபில்ட். அதை வாராந்திர ஜாபில் சேர்க்கத் தேவையில்லை. ராத்திரி 6 மணி நேரம் யாரும் வராத சிறிய டேட்டாபேஸ் என்றால் ஆஃப்லைன் ரீபில்டே ஓடட்டும், மெனக்கெட வேண்டாம்.

மாறுவதற்கு முன், பெரிய 20 இன்டெக்ஸின் பக்க எண்ணிக்கையையும் நிரப்பையும் சாம்பிள்டு முறையில் எடுத்து ஒரு டேபிளில் சேமியுங்கள். குவரி ஸ்டோரை (குவரிகளின் வரலாற்றைச் சேமிக்கும் வசதியை) இயக்கி, அடிக்கடி ஓடும் குவரிகளின் லாஜிக்கல் ரீட் (வாசித்த பக்க எண்ணிக்கை) சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரீபில்ட் ஜாபை அழிக்காமல் டிஸேபிள் செய்து, புள்ளிவிவர ஜாபை மட்டும் நான்கு வாரம் ஓடவிடுங்கள். வாராவாரம் அதே அளவை மறுபடி எடுங்கள். லாஜிக்கல் ரீட் ஏறிய குவரியும் நிரப்பு சரிந்த இன்டெக்ஸும் ஒரே இடத்தில் சந்தித்தால் அந்த இன்டெக்ஸ் ரீபில்ட் பட்டியலுக்குத் திரும்பட்டும். ரீட் அப்படியே இருந்து நேரம் மட்டும் கூடியிருந்தால் இன்டெக்ஸை விட்டுவிட்டு, பூட்டுக் காத்திருப்பையும் டிஸ்க் தாமதத்தையும் பாருங்கள்.